அமலி எந்தக் கட்டிலில் படுக்கிறாள்

எங்கள் சாலையில் காலையில் இரண்டு மஞ்சள் பஸ்கள் வரும். ஒன்று இந்தப் பக்கம் அப்பார்ட்மெண்ட் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். இன்னொன்று எதிர்ப்பக்கம் தோட்டம் வைத்த வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டில் இரண்டு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் பிரிகின்றன என்பது நியூ ஜெர்சிக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் வீடோ அந்தப் பக்கத்துப் பள்ளியில்தான் சேர்ப்பார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளியில் கூரை ஒழுகும், வகுப்புக்கு நிரந்தர டீச்சர் கிடையாது. எதிர்ப்பக்கத்துப் பள்ளியில் நீச்சல் குளம் இருக்கிறது. குறுக்கே நடந்தால் ஒரு நிமிஷம் ஆகாது.

எதிர்ப்பக்கத்தில்தான் என் கொழுந்தன் சேவியர் வாடகை வீட்டில் இருந்தார். என் கணவருக்கு டெக்சாஸில், ரவுண்ட் ராக் பக்கம் வேலை. அந்த வேலை நிலைக்குமா என்று தெரியாமல் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போக முடியாது. எனக்கோ ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. அதனால் எங்கள் எட்டு வயது மகள் அமலி வாரம் முழுக்கச் சித்தப்பா வீட்டில்தான் சாப்பிட்டாள், படித்தாள், தூங்கினாள். எதிர்ப்பக்கத்துப் பள்ளியில் சேர்க்கும்போது இதைத்தான் சொன்னேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை.

நானே அப்படிப் படித்தவள்தான். தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பி, பெரியம்மா வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். தலைமையாசிரியை கன்னியாஸ்திரி. "யாரு வீட்டுல இருக்க?" என்றார். "பெரியம்மா வீட்டுல, சிஸ்டர்" என்றேன். "நல்லா சாப்பிடுதியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வகுப்புக்கு அனுப்பினார்.

இங்கே யாரோ, அமலி அந்தப் பக்கத்துப் பிள்ளையே இல்லை என்று புகார் கொடுத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் சேவியர் வீட்டுக்கு வந்தார். நல்ல மரியாதைக்காரர். செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துவிட்டுத் தாமாகவே ஷூவைக் கழற்றினார். சேவியர் மனைவி லூர்து, என் ஓர்ப்படி, பதறிப்போய் எனக்கு போன் பண்ணினாள். யூனிபாரத்தோடு ஓடினேன்.

அவர் அமலியிடம் குனிந்து, உன் கட்டில் எது என்று கேட்டார்.

அமலி ஹால் கார்ப்பெட்டைக் காட்டினாள். "ரைட் ஹியர். பிட்வீன் டோனி அண்ட் மேரி."

சேவியர் பிள்ளைகளுக்கு இரண்டு அறையில் இரண்டு கட்டில் உண்டு. ஒருநாளும் அவர்கள் அதில் படுத்ததில்லை. மடித்த துணி மலையாகக் கிடக்கும். மூன்றும் ஹாலில் ஜமுக்காளம் விரித்து, ஒன்றை ஒன்று உதைத்துக்கொண்டுதான் தூங்கும். எந்த வீட்டில் சொந்தக்காரப் பிள்ளைகள் சேர்ந்தாலும் நம் ஊரில் அப்படித்தானே? ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டில் இருக்கிறது, இவளுக்கு இல்லை. ஆக இவள் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை.

"சார், நோபடி ஸ்லீப்ஸ் இன் தோஸ் பெட்ஸ்" என்றேன். அவர் சிரித்தார். பொய் சொல்கிறவளைச் சங்கடப்படுத்தாமல் இருக்கச் சிரிக்கும் சிரிப்பு.

ஒரு வாரத்தில் அமலியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மான்மவுத் ஜங்ஷனில், தமிழ் டாக்டர் ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். அப்போது டி.வி. முழுக்க வவுச்சர் பேச்சு. பள்ளிச் செலவுக்கு அரசாங்கம் ஒரு சீட்டைப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுமாம், பிடித்த பள்ளிக்கு எடுத்துப்போகலாமாம். டாக்டர் பிரியாணித் தட்டோடு விளக்கினார்.

"வவுச்சர் வந்துட்டா ப்ராப்ளமே இல்லம்மா. பேரண்ட்ஸ் சூஸ் பண்ணலாம். அதுவரைக்கும் ரூலை ஃபாலோ பண்ணணும்ல?"

"உங்க மகனுக்கு மெட்ராஸ்ல காலேஜ் சீட் வாங்க யார் யாரைப் பிடிச்சீங்க அங்கிள்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. போகட்டும்.

சூஸ் பண்ணலாமாம். அந்தச் சீட்டைக் கொண்டுபோனால் எதிர்ப்பக்கத்துப் பள்ளி கதவைத் திறந்துவிடுமா? சாலையைத் தாண்டி வந்த ஒரு குழந்தைக்கே கட்டில் தேடி ஆள் அனுப்புகிறவர்கள் அவர்கள். எங்கள் அப்பார்ட்மெண்டில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். ஒழுகும் கூரைக்குக் கீழே வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் எதைச் சூஸ் பண்ணினார்கள் என்று யாராவது கேட்டார்களா? நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கியவுடன் கோடு நல்ல கோடாகிவிடுகிறது.

அமலியை மறுபடி சேர்க்க டிஸ்ட்ரிக்ட் ஆபீஸில் ஒரே ஒரு வழி சொன்னார்கள். என்னால் என் பிள்ளையை வைத்துப் பராமரிக்க முடியவில்லை, இனி சேவியர்தான் அவளைத் தன் பிள்ளையாக வளர்க்கிறார் என்று நோட்டரி முன்னால் நான் சத்தியம் செய்ய வேண்டும்.

"சும்மா ஒரு கையெழுத்துதான, மைனி" என்றார் சேவியர்.

டெக்சாஸிலிருந்து என் கணவரும் போனில், "போட்டுரு. வேற என்ன செய்யச் சொல்லுத?" என்றார்.

பெற்றவள் உயிரோடு, கைகால் சுகத்தோடு நின்றுகொண்டு, என்னால் முடியாது என்று வலது கையைத் தூக்கிச் சொன்னேன். நோட்டரி அம்மாள் ஆறுதலாக என் தோளைத் தட்டினார். அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

அமலியை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆபீஸ்காரர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வருவார் என்று பயந்து சேவியர் ஒரு கட்டில் வாங்கிப் போட்டார். அமலி மட்டும் அதில் தனியாகப் படுத்தாள். ஹாலில் டோனியும் மேரியும் சிரிக்கும் சத்தம் கேட்டு முதல் நாள் அழுதாளாம். யார் கேட்டாலும் இதுதான் என் வீடு என்று சொல்ல வேண்டுமென்று லூர்து அவளுக்குப் பழக்கிக்கொடுத்தாள். பள்ளியில் கேட்டாலும் அதையே சொல்லச் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை, சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் அமலி, கையில் ஒரு தலையணை. சாலையின் எதிர்ப்பக்கத்தில் லூர்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கேன் ஐ ஸ்லீப் ஓவர் அட் யுவர் ஹவுஸ்?"

கேட்டுவிட்டு, நான் சரி என்று சொல்லும்வரை வாசலிலேயே நின்றாள்.