வெளித்தொடர்பும் லீவு கேன்சலும்

பால்வினை நோய் ஆலோசகரின் அறைக்கு வருகிறவர்கள், நாற்காலியைப் பார்ப்பதற்கு முன்னால் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தர்மபுரி மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் அந்தக் கதவைச் சாத்துவதுதான் பல வருஷமாக என் முதல் வேலை. இதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் சக ஆலோசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் யாராவது “என்ன வேலை?” என்று கேட்டால், “ஆஸ்பத்திரியில கவுன்சிலிங்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கும் மாங்காய் விளைச்சலுக்கும் திருப்புகிற கூட்டம் நாம். நான் இப்போதெல்லாம் திருப்புவதில்லை. என் வேலை இன்னதென்று முழுசாகவே சொல்கிறேன். அதற்குக் காரணமான இருவரும் “எழுதுங்க” என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மரியாதையான ஒரு வார்த்தை

எங்கள் பக்கம் பட்டாளத்தில் இருக்கும் பையன்கள் அதிகம். லீவில் வரும்போது சிலர் என் அறைக்கும் வருவார்கள். அப்படி வந்தவர் முருகேசன். இருபத்தைந்து வயது, ஒட்ட வெட்டிய முடி, நாற்காலி முதுகில் சாயாமல் உட்காரும் பழக்கம். யாரோடு உறவு வைத்துக்கொண்டாய் என்று முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்பட்டு, நான் வைத்திருந்த மரியாதையான வார்த்தை ‘வெளித்தொடர்பு’. “வெளித்தொடர்பு ஏதாச்சும் உண்டா?” என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “சத்தியமா இல்லீங்க மேடம். வெளிநாட்டு நம்பர்ல இருந்து போன் வந்தா எடுக்கறதே இல்லீங்க. தெரியாத பொண்ணுங்க மெசேஜ் போட்டா அன்னைக்கே ஆபீசர்கிட்ட சொல்லிருவேனுங்க” என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனில் பெண் குரலில் பேசி ரகசியம் கறக்கிறவர்களைப் பற்றிப் பட்டாளத்தில் அவ்வளவு எச்சரித்து வைத்திருக்கிறார்கள். மனுஷன் என்னை உளவுத்துறை என்றே நினைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. அதற்குப் பிறகு நேராகவே கேட்டேன், நேராகவே பதில் வந்தது. லீவுக்கு முன்னால் ஒரு வேலையாகப் போன ஊரில் நண்பர்களோடு லாட்ஜில் ரெண்டு நாள் தங்கியிருக்கிறார், அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு உறவு. சில வாரத்தில் வலியில்லாத ஒரு புண். நண்பன் மருந்துக்கடையில் வாங்கித் தந்த மாத்திரையைப் போட்டதும் புண் ஆறியது, நோயும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். இப்போது உள்ளங்கையில் செம்புள்ளிகள். ரத்தம் கொடுக்க எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“மொதல்லயே இப்படி நேராக் கேட்டிருந்தா, நான் அஞ்சு நிமிசம் தேசத்துரோகியா உக்காந்திருக்க வேண்டியதில்லீங்களே மேடம்.”

ஏக், தோ, தீன்

ரத்தத்தில் சிபிலிஸ் இருந்தது. எங்கள் பக்கத்தில் மேகநோய் என்பார்கள். எச்.ஐ.வி. இல்லை, ஆனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும். டாக்டர் பென்சிலின் எழுதினார். பனிமலையில் காவல் நின்ற வீரர், இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஊசி என்றதும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆணுறை மாட்டும் முறையைச் சொல்லித் தர மேஜை இழுப்பறையில் மர மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். அதை வெளியே எடுத்தால் பெரும்பாலானவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள். முருகேசன் பாக்கெட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார், அழுத்திக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார், ஓரத்தைப் பல்லால் கடிக்காமல் விரலால் கிழித்தார். ஒவ்வொன்றுக்கும் “ஏக், தோ, தீன்” என்று இந்தியில் எண் சொன்னார். துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதை அப்படித்தான் கற்றுக்கொடுப்பார்களாம். அன்றிலிருந்து பட்டாளத்துப் பையன்களுக்கு நானும் எண் சொல்லித்தான் நடத்துகிறேன், ஒருத்தரும் மின்விசிறியைப் பார்ப்பதில்லை. அந்தத் திருப்தியில், “மூணு மாசம் கழிச்சு அடுத்த டெஸ்ட். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் யாரோடயும் சேரக்கூடாது” என்றேன். அவர் எண் சொல்வதை நிறுத்திவிட்டார்.

“மூணு மாசமுங்களா? இன்னும் இருபது நாள்ல எனக்குக் கல்யாணமுங்க. பத்திரிகை வெச்சுக்கிட்டு இருக்காங்க மேடம்.”

டிவி பக்கத்தில் பத்திரிகை

அந்தப் பத்திரிகை எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எடுத்துப் படித்தேன். மணமகன் முருகேசன், அடியில் ‘இந்திய ராணுவம்’. மணமகள் தேன்மொழி, பாப்பாரப்பட்டி. என் வீட்டுக்காரரின் பங்காளி மகள், என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவள். பத்திரிகை வைக்க வந்த அவள் அம்மா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. “நீ ஆஸ்பத்திரில நாலு பேரப் பாக்கறவ. மாப்பிள்ளப் பையன் எப்படின்னு காதுல ஏதாச்சும் வுழுந்துதா?” என்று கேட்டார். நான் காபி போடப் போய்விட்டேன்.

பால் காயும் வரை யோசித்தேன். சொன்னால், இந்த மாவட்டத்தில் இனி ஒரு பட்டாளத்துப் பையனும் என் நாற்காலியில் உட்கார மாட்டான். மாத்திரை வாங்கி நோயை மறைத்துக்கொண்டு, பெண்டாட்டிக்கும் கொடுப்பான். சொல்லாவிட்டால், இன்னும் இருபது நாளில் தேன்மொழி.

மறுநாள் காலை முருகேசனை வரச் சொன்னேன். “பொண்ணு எனக்குச் சொந்தம். அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன், பேசவும் கூடாது. அதனால நீங்கதான் பேசணும்” என்றேன். லீவு கேன்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடவா என்று கேட்டார். பட்டாளத்தில் இருப்பவர்களுக்கு எந்த ஊரிலும் செல்லுபடியாகும் பொய் அது. “வூட்டுக்குச் சொல்லிக்குங்க. அவளுக்கும் அதே பொய்தானா?” என்றேன். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“கேப்டன் கேட்டா ஒரே வரியில சொல்லிருவேனுங்க. இவகிட்ட எந்த வரியில ஆரம்பிக்கறதுன்னு தெரியலீங்க மேடம்.”

இந்த அறையில் சித்தி இல்லை

ஒரு வாரம் அவரிடமிருந்து தகவல் இல்லை.  வியாழக்கிழமை தேன்மொழி வந்தாள். நர்சரிப் பள்ளியில் டீச்சர், கையில் ஒரு நோட்டு. உட்காருவதற்கு முன் கதவைத்தான் பார்த்தாள். நான் சாத்திவிட்டு, “இந்த ரூம்ல நான் உனக்குச் சித்தி இல்ல” என்றேன். முருகேசன் வெளியே நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்ட பிறகுதான் கோப்பைத் திறந்தேன்.

ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போய், பரிசலில் நடு ஆற்றில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அங்கே என்றால் பாதியில் எழுந்து போக முடியாதாம். இவள் பரிசல்காரரிடம் இன்னொரு சுற்றுப் போகச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சுற்றில்தான் கேள்விகள் தோன்றினவாம். நோட்டில் எண் போட்டு எழுதி வந்திருந்தாள். திரும்ப வருமா, குழந்தைக்கு வருமா, மூன்று மாதம் போதுமா, எந்தக் காகிதத்தை நான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், அவள் டிக் அடித்தாள். கல்யாணத்தை அடுத்த லீவுக்குத் தள்ளலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். நோட்டை மூடிவிட்டு அவள் சொன்னதை நான் எந்தச் சான்றிதழுக்கும் மாற்ற மாட்டேன்.

“அம்மா கேட்டப்ப நீங்க சொல்லலன்னு மொதல்ல கோவமா வந்துச்சுங்க. அப்புறம் நெனச்சேன், நாளைக்கு என்னப் பத்தி யாரு கேட்டாலும் நீங்க சொல்ல மாட்டீங்க.”

அசல் லீவு கேன்சல்

பாதிக்கு மேல் லீவு கையில் இருக்க, மொரப்பூரில் ரயில் ஏறினார் முருகேசன். நாட்டுக்கு அவசரம் என்று அவர் அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த தேன்மொழிக்கும் எனக்கும் அதை மறுக்க மனசு வரவில்லை. நான் கொடுத்த கடிதத்தை அவர் பட்டாளத்து டாக்டரிடம் நீட்டினார். அந்த டாக்டர் திட்டவும் இல்லை, ஊருக்குச் சொல்லவும் இல்லை, உரிய நாளில் டெஸ்ட் எடுத்தார். எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸும் குணமாகி வந்தது. டாக்டர் பச்சைக்கொடி காட்டினார்.

நடுவில் ஒரு வேலை செய்திருக்கிறார் முருகேசன். லாட்ஜில் கூட இருந்த நண்பர்கள் ஒவ்வொருவரையும் நச்சரித்து டெஸ்ட் எடுக்க வைத்திருக்கிறார். அதில் மாத்திரை வாங்கித் தந்த நண்பனுக்கும் ஊசி விழுந்தது. அந்த நண்பன் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னதை எனக்கு அப்படியே போனில் ஒப்பித்தார்:

“லீவு கேன்சல் ஆனா நாங்கல்லாம் அழுவோம்டா. நீ உன் லீவையும் கேன்சல் பண்ணிட்டு, எங்களையும் லைன்ல நிறுத்திட்ட.”

சிவப்பு மை

அடுத்த லீவில், பையன்களிடம் இதைப் பற்றிப் பேச என்னை மொரப்பூர் பக்கம் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள் இருவரும். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் பையன்களைப் பட்டாளத் தேர்வுக்குத் தயார் செய்யும் இடம், முருகேசனும் அங்கே ஓடியவர்தான். தேர்வாகிப் பயிற்சிக்குக் கிளம்பும் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.  சந்தேகங்களைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். எல்லாம் நீல மை, ஒன்று மட்டும் சிவப்பு. ‘பல வருடம் முன்பு நடந்த தவறு இப்போது டெஸ்டில் தெரியுமா’ என்று கேட்டிருந்தது. ஹவில்தாரின் சட்டைப்பையில் வருகைப் பதிவுக்கு வைத்திருக்கும் சிவப்புப் பேனா செருகியிருந்தது.

நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தெரியும், எப்போது வந்தாலும் பார்க்கலாம், மருந்து இருக்கிறது என்று பையன்களைப் பார்த்தே பதில் சொன்னேன். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஏக், தோ, தீன். கிளம்பும்போது ஹவில்தார் பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

“எங்க காலத்துல இதை யாரும் இப்படி உக்கார வெச்சுச் சொல்லலீங்க மேடம். திங்கக்கிழமை உங்க ரூம் எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?”

அடுத்த வாரம் முருகேசன், தேன்மொழி கல்யாணம். மண்டபத்தில் என்னைக் கண்டதும் முன்பின் பார்த்தேயிராதவர்கள் போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அத்தனை பட்டாளத்துக்காரர்களும் என் வேலைக்குக் கிடைத்த பதக்கங்கள், சட்டையில் குத்திக்கொள்ளத்தான் முடியாது.