சாமி நெற்றியில் மாமனார் பெயர்

சரித்திர வாத்தியாரால் குடும்பத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் மாமனாரின் தீர்ந்த முடிவு. எனக்குக் கரும்பு வெட்ட ஆள் கூட்டி வரத் தெரியாது, மோட்டார் காயில் போனால் பார்க்கத் தெரியாது. ரிஷிவந்தியம் பக்கம் தன் ஊர்ச் சிவன் கோயிலுக்கு அவர் இரும்பு வளைவு வைக்கக் கிளம்பியபோதுதான் எனக்கும் ஒரு காலம் வந்தது.

அந்தக் கோயிலில் பங்குனியில் மூன்று நாள் மட்டும் காலை வெயில் நேராக உள்ளே போய் லிங்கத்தின் மேல் விழும். அந்தக் காலத்தில் எப்படித் திசை பார்த்தார்கள் என்று மாமனாருக்கு விளக்கினேன். குச்சி நட்டு, சுற்றி வட்டம் போட்டு, காலையிலும் மாலையிலும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இரண்டு இடங்களைச் சேர்த்தால் அச்சுப் பிசகாத கிழக்கு மேற்கு. எகிப்தில் ஒரு ராஜா மலையைக் குடைந்து, சாமிகளோடு தன் சிலையையும் உட்கார வைத்து, வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் தன் மேலும் விழும்படி பண்ணிக்கொண்டதையும் சொன்னேன். குச்சி, வட்டமெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. ராஜாவை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

வளைவு லிங்கத்துக்கு நேர் கிழக்கே வாசலுக்கு எதிரில் நிற்கும்படி நானே குச்சி நட்டுக் கோடு போட்டேன். பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கவேண்டும் என்று வளைவை நன்றாகத் தாழ்த்தி வைக்கச் சொன்னார் மாமனார். மேலே சாமி பெயர், அதன் கீழே 'உபயம்', கடைசியில் அவருடைய மூன்றெழுத்துப் பெயர். எல்லாம் முழ உயரத் தகர எழுத்துகள்.

பங்குனியில் முதல் நாள் வெயில் வந்தது. லிங்கத்தின் திருநீற்றுப் பட்டைக்குக் குறுக்கே மாமனாரின் பெயர் நிழலாக விழுந்தது. வெயில் ஏற ஏற 'உபயம்' வந்தது. சாமி பெயரின் முறை வருவதற்குள் வெயில் வாசற்படிக்கு வெளியே போய்விட்டது. பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இனி அர்ச்சனை யார் பேருக்கு என்று ஒரு பங்காளி குருக்களிடம் கேட்டார். என் கோடு நூல் பிடித்த மாதிரி இருந்ததில் நான் பூரித்துப்போயிருந்தேன், மாமனார் முகத்தைப் பார்க்கும் வரை.

"அம்பது வருசமா இத்தப் பாக்க வரேன் மாப்ள. இன்னிக்கி சாமி தெரில. நான்தான் தெரியறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எகிப்து ராஜாவை அவர் தலையில் ஏற்றியது நான்தானே.

பெயரை எடுத்துவிடலாம் என்று வெல்டிங்காரரைக் கூப்பிட்டோம். உயிரோடு இருக்கிறவர் பெயரை அறுத்தால் அவர் ஆயுசு போய்விடும் என்று மறுத்துவிட்டார். விஷயம் கேட்டதும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் யாரும் வரவில்லை. கடைசியில் மாமனாரே ரம்பத்தோடு ஏணியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெயர் ஒவ்வொரு எழுத்தாக என் காலடியில் விழுந்தது. 'உபயம்' பக்கம் கை போனபோது பிளேடு உடைந்தது. கீழே பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை லிங்கம் முழுசாக வெயிலில் இருந்தது. மாமனார் மூக்கைச் சிந்தினார். கொஞ்ச நேரத்தில் சாமி மேல் 'உபயம்' மட்டும் வந்து நின்றது. யார் உபயம் என்று காணோமே என்றார் குருக்கள்.

மாமனார் கிழக்கே திரும்பிக் கை கூப்பினார்.

"அதோ, வந்துகினு கீறாரே."