குழித்துறைப் பாலத்தில் நின்ற வண்டி

குமாரதாஸுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. முந்தின நாள் குழித்துறைப் பாலத்தின் நடுவில், கடலோரக் கடியப்பட்டணத்துக்காரர் ததேயுஸின் கார் படக்கென்று அணைந்துவிட்டது. பின்னால் வந்த மண்லாரி ஒரு முழ இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றதாம். காருக்குள் ததேயுஸ், அவர் மகள் ஜிஷா, அவளுடைய எட்டு மாதக் குழந்தை. அதற்கு இரண்டே நாளுக்கு முன்தான் அந்த வண்டியைப் பழுதுபார்த்து, "இனி தைரியமா ஓட்டுங்க அண்ணே" என்று சொல்லி அனுப்பியிருந்தான் குமாரதாஸ்.

ஷார்ஜாவில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, 2009இல் மார்த்தாண்டத்தில் பட்டறை போட்டவன். எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுவான். கோளாறு ஒரு எண்ணாக வரும். ஷார்ஜாவில் நாளைக்கு இருபது வண்டி. எண் எந்தப் பாகத்தைக் காட்டுகிறதோ அதைக் கழற்றி எறி, புதுசு போடு, எண்ணை அழி, அடுத்த வண்டி. வயரைத் தடவிப் பார்க்க யாருக்கு நேரம்? செவ்வாய்க்கிழமை ததேயுஸின் வண்டிக்கும் அதைத்தான் செய்தான். பி-0335 என்று வந்தது. கிராங்க் சென்சார், எஞ்சின் சுழல்வதைக் கண்டு சொல்லும் பாகம். மாற்றினான், விளக்கு அணைந்தது.

இன்று மறுபடியும் அதே பி-0335.

"ஏலே தாசு, அந்த வெளக்க அணச்சுத் தா மக்கா" என்றார் ததேயுஸ். "நாலு மணிக்கு ஜிஷா ஏர்போர்ட்டுல நிக்கணும்."

"வெளக்க அணைக்க ஒரு நிமிஷம் போதும். வண்டி பாலத்துல நிக்காதுன்னு எனக்குச் சொல்ல ஒக்காதே. வேற வண்டி பிடிங்க அண்ணே."

"வேற வண்டியா? மவள கொண்டு விடவும் கூட்டவும்தான் இத வாங்கினேன். கடியப்பட்டணம் முழுக்கச் சிரிப்பானுவ."

பின் சீட்டில் குழந்தை அழத் தொடங்கியது. குமாரதாஸ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நேரில் பார்க்காத அந்த லாரியின் முகப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. ஜிஷாவையும் குழந்தையையும் இறங்கச் சொல்லி, வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தான். மின்சாரம் சோதிக்கும் மீட்டரைச் சென்சார் வயரில் மாட்டி, வயர்க்கட்டை மேலிருந்து கீழாக ஆட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் மீட்டரின் எண் துள்ளியது. அங்கே பிய்ந்து கிடந்த கறுப்பு டேப்பைப் பிரித்தான். செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எலி கடித்த தடம். குப்பென்று ஒரு வாடை.

"அண்ணே, வண்டிக்கு அடியில மீன் எண்ணெய் பூசினது யாரு?"

"நாந்தான். உப்புக்காத்து இரும்பத் தின்னுரும்லா. வள்ளத்துக்குப் பூசுத மாதிரி நல்லா ரெண்டு கை பூசினேன்."

"எலிக்கு விருந்து வச்சிருக்கிய!"

வயரை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டான். எஞ்சின் ஓட ஓட வயரை முறுக்கினான், இழுத்தான். மீட்டர் அசையவில்லை. மார்த்தாண்டத்து மேடு பள்ளத்தில் மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்தான். எண் திரும்ப வரவில்லை.

"அப்ப செவ்வாக்கிழம மாத்தினியே, அந்தச் சென்சாரு?" ததேயுஸ் மெதுவாகக் கேட்டார்.

சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். "அது வெறுதே மாத்தினேன் அண்ணே. பழசுக்கு ஒரு கேடும் இல்ல. வயர நான் பாக்கல."

ததேயுஸ் வாயைத் திறக்குமுன், குழந்தையோடு மறுபடி பின் சீட்டில் ஏறியிருந்த ஜிஷா கண்ணாடியை இறக்கினாள். "அப்பா எண்ணெய் பூசினிய, அண்ணன் கண்ண மூடிட்டு மாத்தினாவ. ரெண்டுபேரும் சேந்து என்னையும் பிள்ளையையும் கொல்லப் பாத்திய. போதும், யாராவது வண்டிய எடுங்க."

ததேயுஸ் சாவிக்குக் கை நீட்டினார். குமாரதாஸ் கொடுக்கவில்லை. கையைக் கழுவக்கூட நிற்காமல் ஓட்டுநர் சீட்டில் ஏறினான்.

"நீ எங்கல?"

"ஏர்போர்ட்டுக்கு. நின்னா எங் கையில நிக்கட்டு."

"திரும்பி வாறதுக்கு?"

"அதுக்கும் நான்தான். ஏறுங்க அண்ணே, மணி ஒண்ணாச்சி."