கப்பலுக்கு விலை சொன்னவர்

முதலில் வாலைப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் முதுகெலும்பின் மேல் கையை ஓட்டிக்கொண்டே போய்த் திமிலை ஓர் அழுத்து அழுத்துவார். கடைசியில் மாட்டின் வாய்க்குள் கையை விட்டுப் பல்லை எண்ணுவார். "நாலு பல்லுங்க. எடது காலை மட்டும் யோசிச்சு யோசிச்சு வைக்கிது" என்பார். மாட்டுக்காரர் முகம் சுருங்குவது தெரியாததால் அவரிடம் தாட்சண்யம் என்பதே கிடையாது.

ஆவூர் சந்தனராஜ் மாட்டுத் தரகர். சிறு வயதில் வந்த அம்மை இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. விராலிமலைச் சந்தையில் அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை. அங்கே விலை பேசுவது துண்டுக்கு அடியில். வாங்குகிறவர் கைமேல் தன் துண்டைப் போர்த்தி, உள்ளே அவர் விரல்களைப் பிடிப்பார் தரகர். ஒரு விரல் என்றால் நூறு ரூபாய். சுற்றி நிற்கிற கண்ணுள்ளவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. தோளில் துண்டு இல்லாத தரகரைச் சந்தையில் யாரும் சீந்தமாட்டார்கள்.

மனிதருக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. கை வைத்துப் பார்க்காத எதையும் நம்பமாட்டார். நயா பைசாவையே ஒரு வாரம் விரலில் உருட்டிப் பார்த்துத்தான் காசு என்று ஒப்புக்கொண்டார். பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிள் வாங்கிய செய்தியை, அதன் குழாயில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகே நம்பினார்.

இந்தத் தை மாதம் மலையாண்டி என்ற இன்னொரு தரகர் தூத்துக்குடிக்குப் போய்வந்தார். ஆவூர் மாதா கோயிலையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய கப்பல் என்று சந்தையில் சொல்லிவிட்டார்.

"அம்புட்டுப் பெரிய இரும்பு தண்ணியில நிக்கிதாக்கும். யாருகிட்ட கதை விடுறீங்க" என்றார் சந்தனராஜ்.

பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. சந்தனராஜே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பொய் என்றால் மலையாண்டி தன் துண்டைக் கொடுத்துவிடுவார். மெய் என்றால் சந்தனராஜ் தன்னுடையதைக் கொடுத்துவிட வேண்டும். தோற்றவர் வேறு துண்டு வாங்கிப் போடக் கூடாது; துண்டோடு தொழிலும் போய்விடும். அவர் ஊரில் வாத்தியாராக இருக்கிற பாவத்துக்கு, துணைக்கு நான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சந்தனராஜ் பார்க்காதது எதுவுமில்லை. உப்பு மூட்டையைப் பிடித்தார், பாரந்தூக்கியின் சங்கிலியைப் பிடித்தார், குறுக்கே போன சுமைகூலிக்காரர் ஒருவரின் முதுகையும் பிடித்து, "நல்ல கட்டு" என்றார். அந்த ஆள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலோ கரைக்கே வராதாம். கடலுக்குள் வெகுதூரத்தில் நிற்குமாம், சரக்கெல்லாம் தோணியில்தான் போகுமாம். தோணிக்காரர் ஒருவர் விளையாட்டாகத் தன் தோணியைத் தொட வைத்து, "இதாம் கப்பல், அண்ணாச்சி" என்றார்.

சந்தனராஜ் முனையிலிருந்து முனைவரை தடவினார். "இது கன்னுக்குட்டிங்க. தாயி எங்கிட்டு நிக்கிது?"

அந்த ஒரு சொல்லுக்காகவே தோணிக்காரர் எங்களை உப்பு மூட்டைகளின் மேல் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதுமே எனக்கு வாந்தி. குப்புற விழுந்தவன் கண்ணைத் திறக்கவேயில்லை. ஆக, கப்பலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"வாலுலேருந்து போங்க" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. இரும்பின் மேல் உள்ளங்கை உரசும் சத்தம் கேட்டது. தோணி நகர்ந்துகொண்டே இருந்தது, உரசல் நிற்கவில்லை. "இன்னும் இருக்குதா?" என்று கேட்டார். "பாதிகூட ஆகல, அண்ணாச்சி" என்றார் தோணிக்காரர். இப்போது இரண்டு உள்ளங்கைகள் உரசும் சத்தம் கேட்டது.

ரயிலில் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். "பல்லைப் பாக்க முடியலைங்க சார்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அடுத்த சந்தையில் கூட்டம் கூடிவிட்டது. பந்தயத்தில் ஜெயிக்கப்போகிற மலையாண்டிதான் பயந்துபோய் நின்றார். "பொய்யின்னே சொல்லிப்புடுங்க. எனக்கு வயக்காடு கெடக்கு, பொழச்சுக்கிருவேன்" என்று சந்தனராஜின் காதில் கிசுகிசுத்தார்.

சந்தனராஜ் தலையை ஆட்டி மறுத்தார். தோளிலிருந்து துண்டை உருவி மலையாண்டியின் கைமேல் போர்த்தினார். கப்பலுக்கு விலையாக உள்ளே ஐந்து விரலையும் பிடித்தார். போதவில்லை. மலையாண்டியின் இன்னொரு கையையும் இழுத்து அந்த ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். அப்போதும் போதவில்லை. பக்கத்தில் துழாவி என் கையையும் துண்டுக்குள் விட்டுக்கொண்டார். பிறகு தன் கைகளை மட்டும் உருவிக்கொண்டார். பந்தயத்துக்கு வைத்த துண்டு எங்கள் கைகளின் மேல் கிடந்தது.

மலையாண்டி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சந்தனராஜின் தோளில் போட்டார்.

சந்தனராஜ் அதன் கரையை இரண்டு விரலால் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாக ஓட்டிப் பார்த்தார். "நெசவு மட்டம்" என்றார். பிறகு அதை உதறித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற மாட்டின் வாலைத் தேடிக் கையை நீட்டினார்.