அண்ணி விற்ற படங்கள்

அந்தத் தாள் இன்னும் சூடாக இருந்தது. அப்போதுதான் இயந்திரம் அதை வெளியே தள்ளியிருந்தது. அண்ணி அதை இரண்டு கைகளாலும் தாங்கி, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல என்னிடம் காட்டினார். "பாரு அம்மணி, இனி ஒரு பூச்சி கிட்ட வரட்டும் பாக்கலாம்" என்றார். குதிரைமேல் குனிந்து பாய்ந்துகொண்டிருந்தான் ஒரு வீரன். அவன் தலைக்கு மேலே வசனம் எழுதி ஒட்டியிருந்த காகிதத் துண்டைச் சுற்றிப் பழைய பசை உருகிப் பழுப்பாகப் படர்ந்திருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் பளபளவென்று மூடியிருந்தது. பீளமேட்டில் நான் நூலகராக வேலை பார்க்கும் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை அது. மாணவர்கள் ப்ராஜெக்ட் கட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, அண்ணி போனில் கூப்பிட்டாரே என்று வந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தில் அண்ணி என்றே வைத்துக்கொள்கிறேன். சோமனூர்க்காரர். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர் என்பதால் அவர் மெதுவாகச் சொன்னாலே தெருக்கோடிக்குக் கேட்கும். என் அண்ணன் கணபதி என்ற பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவரோடு ஒத்தவர்கள் சம்பாதித்த காசில் தோட்டம் வாங்கிப் போட்டார்கள். இவர் தாள் வாங்கினார். சித்திரக்கதைகளின் மூலப் படங்கள், அதாவது அச்சுக்குப் போகும் முன் ஓவியர்கள் தம் கையால் மையில் வரைந்த பெரிய தாள்கள். அச்சான பிறகு அவற்றைக் குப்பை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. பழைய பேப்பர் கடைகளிலும் காலமான ஓவியர்களின் வீடுகளிலும் கெஞ்சிக் கூத்தாடி அவர் சேர்த்தார். "என்ற சக்களத்தி அந்த இரும்புப் பொட்டிக்குள்ளதான் படுத்திருக்கறா" என்று அண்ணி, சொந்தக்காரர்கள் ஒறம்பரை வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த இரும்புப் பெட்டி அண்ணன் தன் பட்டறையிலேயே செய்தது. ஆழமில்லாத அகலமான இழுப்பறைகள் அடுக்கடுக்காக இருக்கும். சுவரின் ஈரம் ஏறக் கூடாதென்று நடுக்கூடத்தில் கால் வைத்து நிறுத்தியிருந்தார். அதைச் சுற்றிக்கொண்டுதான் அந்த வீட்டில் யாரும் நடக்க முடியும். படத்தைத் தொடுவதற்கு முன் நகக்கண்ணில் இருக்கும் கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்து, கை முழுக்க உலரும்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மின்விசிறியை நிறுத்திவிடுவார். தாளுக்கும் தாளுக்கும் இடையே அண்ணியின் பிறந்த வீட்டுத் தறியில் நெய்த காடாத் துணி. அதைக் கஞ்சி போக வெந்நீரில் அலசிக் காயவைத்துத் தருவது அண்ணியின் வேலை. கேலி பேசிக்கொண்டே அலசுவார், ஆனால் ஒரு தடவைகூட அலசாமல் கொடுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேல் இழுப்பறையில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விடுபடாமல் கிடைத்த ஒரே முழுக்கதை இருந்தது. அதுதான் அந்தக் குதிரை வீரனின் கதை. ஒரு பக்கம் இங்கும் ஒரு பக்கம் அங்குமாக அதைச் சேர்த்து முடிக்க அண்ணனுக்குப் பாதி ஆயுள் ஆனது.

இதய அறுவைச் சிகிச்சைக்காக அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவர் அண்ணியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா அந்தக் கதையப் பூச்சி தின்னுபோடாமப் பாத்துக்கோ." அது மழைக்காலம். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த அண்ணி மேல் இழுப்பறையைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு தாளின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. பயந்துவிட்டார். ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, பட்டறை லைசென்ஸ், மாமனாரின் பழைய வரி ரசீது என்று அந்த வீட்டில் போற்றிக் காக்க வேண்டிய எதுவும் கடைசியில் லாமினேஷன் கடைக்குத்தான் போகும். நம் ஊரில் யார் வீட்டில்தான் அப்படி இல்லை. புருஷன் கடைசியாகக் கேட்டதை நிறைவேற்றும் அவசரத்தில் அவர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். பெரிய தாளைப் போடும் இயந்திரம் இருக்கும் கடை எது என்று விசாரித்து வந்திருந்தார். அதுதான் எனக்கு இன்றும் ஆற மாட்டேன் என்கிறது.

"நங்கை, நிறுத்தச் சொல்லுங்க" என்று நான் கத்தினேன். கடைசிப் பக்கம் அப்போதுதான் உருளைகளுக்கு இடையே பாதி போயிருந்தது. சுவிட்சை நோக்கி நான் கையை நீட்ட, கடைக்காரர் என் கையைத் தட்டிவிட்டார். "நடுவுல நிறுத்துனா கருகிப்போயிருமுங்க மேடம்" என்றார். உள்ளே போனால் மூடிக்கொள்ளும், நின்றால் கருகும். அந்தத் தாள் அங்குலம் அங்குலமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எங்கள் மூவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓவியர் கடைசிக் கட்டத்தில் வெறும் வானத்தை மட்டும் விட்டிருந்தார். அது சுருக்கமில்லாமல், அழகாக, நிரந்தரமாக மூடிக்கொண்டு வெளியே வந்தது.

அண்ணிக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் மெதுவாகத்தான் சொன்னேன். இந்தப் படங்களைச் சேர்ப்பவர்கள் செய்யவே கூடாத காரியம் இதுதான், சூட்டில் பசையும் மையும் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போகும், பிறகு எதுவும் செய்ய முடியாது என்றேன். "பிரிச்சுப்போடலாமில்ல?" என்று கேட்டார். கடைக்காரர் பாவம், ஒரு தாளின் ஓரத்தைப் பிளேடால் கீறி மெல்ல உரித்துக் காட்டினார். ஒரு கிழவியின் முகம் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்தது. தாளில் அவள் இருந்த இடம் சொரசொரவென்று வெள்ளையாகக் கிடந்தது. அண்ணி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு இறங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். "வேண்டாமுங்க, விட்டுருங்க" என்றார் கடைக்காரரிடம்.

அண்ணன் அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அதிர்ச்சியான செய்தி எதுவும் அவர் காதுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படங்களை என் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார் அண்ணி. "நீ வாயத் தொறக்காத அம்மணி. எப்பச் சொல்லோணுமோ நான் சொல்லிக்கறேன்" என்று என் கையைப் பிடித்து தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் சத்தியத்தில் நம்பிக்கை உள்ளவள் இல்லை. ஆனால் அந்தத் தலை நடுங்கியதை என் உள்ளங்கை உணர்ந்தது.

அண்ணன் பிழைத்து வீடு வந்தார். எடை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இழுப்பறையைத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் பெட்டிப் பக்கம் பார்வையைத் திருப்பும்போதெல்லாம் அண்ணி மாத்திரையோ கஞ்சியோ கொண்டுவந்து குறுக்கே நிற்பார். கொஞ்ச நாளைக்கு அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே இருந்தபோது அண்ணன் எழுந்து குழாயடிக்குப் போய் நிதானமாகக் கை கழுவினார். துண்டில் துடைத்தார். கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றார். அவர் கை உலர்ந்துகொண்டிருந்த அந்த நேரம் முழுக்க அண்ணி சமையலறை வாசலில் நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேல் இழுப்பறையை இழுத்தார். மடித்து வைத்த காடாத் துணி மட்டும் இருந்தது.

"வித்துப்போட்டேனுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் திரும்பினார். "ஆருக்கு?" என்று கேட்டார். "மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரு வந்தாருங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேற வழி தெரியலீங்க." அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று நான் ஓடத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "கையக் கழுவிட்டுத் தொட்டாரா?" அண்ணி கொஞ்சமும் தயங்காமல், "கழுவி, தொடைச்சு, உங்களாட்டவே தூக்கிப் புடிச்சு நின்னுட்டுத்தானுங்க தொட்டாரு" என்றார். அண்ணன் இழுப்பறையை ஓசைப்படாமல் மூடினார்.

பின்கட்டில் நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு இந்தப் புளுகு, உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் திட்டிவிட்டு ஓய்வாரே என்றேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலே அண்ணி சொன்னார்: "வித்ததுன்னா எங்கியோ பத்திரமா இருக்குதுன்னு அவரு இருந்துக்குவாரு. அதக் காட்டுனா அவரு இருக்க மாட்டாரு அம்மணி. என்னயத் திட்டட்டும், திட்டறதுக்காச்சும் உசுரோட இருக்கோணுமில்ல."

அண்ணன் திட்டவில்லை. அது இன்னும் மோசம். அண்ணியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத வீடு, இருப்பதே இரண்டு பேர். வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார், அண்ணி எடுத்துவந்து வைப்பார். மற்ற இழுப்பறைகளில் மிச்சப் படங்கள் இருந்தன. அவற்றுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். காடாத் துணியைக் கடையில் வாங்கி அவரே அலசினார். தெருவே கேட்கப் பேசிய அண்ணியின் குரல் அந்த வீட்டில் தேய்ந்துபோயிற்று. ஒவ்வொரு முறையும் நான் அங்கே போய்த் திரும்பும்போது அண்ணன்மேல் வந்த ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்காது. சொல்லிவிடட்டுமா என்று கண்ணால் கேட்பேன். அண்ணி லேசாகத் தலையை அசைத்துவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி போடுவார்.

சோமனூரில் அண்ணியின் தம்பி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். அன்றைக்குத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள், ஊரே வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. உடன்பிறந்தவளுக்கு என்று தம்பி பட்டுப்புடவை வைத்துத் தட்டை நீட்டியபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "கட்டுனவன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப ஊட்டுப் பொருளத் திருடி வித்தவளுக்குச் சீரு ஒரு கேடா?" தறிச் சத்தம் இருந்திருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. தம்பி தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அண்ணனை நோக்கி வந்தார். இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுந்தே விட்டேன், வாயும் திறந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தார். கெஞ்சலும் மிரட்டலும் சேர்ந்த பார்வை அது. பிறகு ரச வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குள் இறங்கி, அண்ணன் இலையிலிருந்தே ஆரம்பித்தார்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு காய்ச்சலில் அண்ணி போய்விட்டார். அண்ணன் எல்லாச் சடங்கையும் முறையாகச் செய்தார். ஆனால் கூடத்தில் அண்ணியின் படத்தை மாட்டவில்லை. நான் ஃப்ரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்ததைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார். வருடத் திதி நெருங்கியபோது, "அதெல்லாம் எதுக்கு" என்றார். அந்தக் கதையின் பக்கங்கள் இத்தனை காலமும் என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடந்தன. சத்தியம் வாங்கிய தலையே இல்லாமல் போன பிறகும் நான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சொன்னால் அண்ணனுக்கு எங்கோ பத்திரமாக இருக்கும் அந்தக் கதை செத்துப்போகும். சொல்லாவிட்டால் அண்ணி திருடியாகவே இருப்பார்.

சென்ற வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்திருந்தார். கண்ணில் புரை வளர்கிறது, முழுக்க மறைப்பதற்குள் மெட்ராஸ் போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்து ஒரு தடவை படங்களைப் பார்த்துவிட வேண்டும், கூட வா என்றார். பிறகு வழக்கம்போல முடித்தார்: "உங்க நங்கை மட்டும் அப்படிச் செய்யாம இருந்திருந்தா." என்னால் அதற்குமேல் முடியவில்லை. எழுந்து போய்ப் பீரோவிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்துவந்து மேலே இருந்த பக்கத்தை அவர் கையில் வைத்தேன். ஜெராக்ஸ் கடையிலிருந்து பின்கட்டுவரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தை மடியில் இறக்கி வைத்துவிட்டு, "சோமனூர்ல நான் அந்த வார்த்தையச் சொன்னனே" என்றார்.

"ஆமாங்ணா."

"அப்பக்கூடச் சொல்லலையா அவ?"

"சொல்லலீங்ணா."

அவர் மடியில் இருந்த பக்கம் தலைகீழாக இருந்தது. என் அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை.