உடை மாறும் காட்சி

ஊரில் யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த வோபர்னில் எங்கள் வீட்டு ரீவியில் செய்தியைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. சிறுவயதில் உயிராய்ப் பார்த்த, மந்திர சக்தியுள்ள சிறுமி வரும் ஜப்பானியக் கார்ட்டூனைக் கணினியில் திரும்பப் போட்டு, குறை கண்டுபிடித்து இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்த அன்ரி மேலே வந்து பக்கத்தில் அமர்ந்தார். வன்னியிலிருந்த அவருடைய தங்கச்சியிடமிருந்து மூன்று வாரமாக அழைப்பு இல்லை.

திரையில், சண்டைக்கு முன் சிறுமி சுழன்று சுழன்று உடை மாறினாள். எதிரி சிலைபோல நின்றான். எல்லா எபிசோட்டிலும் இதே கூத்து!

"விசர்க் கதை அன்ரி! இவள் உடுப்பு மாத்தி முடியுமட்டும் உவன் ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறான்? அடிச்சு முடிச்சிருக்கலாமே!" என்று காட்சியை வேகமாக ஓட்டினேன்.

"ஓட்டாதை பிள்ளை. அவனெண்டாலும் பொறுத்து நிக்கிறான். என்ர தங்கச்சியாக்களுக்கு ஷெல்லுக்குள்ள ஓடேக்க மாத்துடுப்பு எடுக்கக்கூட நேரம் கிடைக்கேல்லை. கடைசியாக் கதைக்கேக்க சொன்னவள்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காட்சியைப் பின்னுக்கு எடுத்து, முதலிலிருந்து ஓடவிட்டேன். சிறுமி கடைசி ரிப்பனைக் கட்டி முடிக்கும்வரை அன்ரி கண்வெட்டாமல் பார்த்தார்.

அந்தக் கார்ட்டூனில் இன்றைக்கும் நூறு பிழை சொல்வேன். எதிரி காத்து நிற்பதை மட்டும் நான் எழுதவேயில்லை.