சத்தமில்லாத விமானங்கள்

கிளிநொச்சியில் புதிதாகத் திறந்த வீடியோ கேம் கூடத்துக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். கறண்ட் நின்று, பின்புறம் ஜெனரேற்றர் இயங்க, உள்ளே வந்த புகை மணத்தில், சின்ன வயதில் நாங்கள் விளையாடப் போன முள்ளியவளைக் கேம் கடை, தகரக் கூரையின் வெக்கையும் விரலில் ஒட்டும் பொத்தான்களுமாக, நினைவில் எழுந்து வந்தது.

சமாதான காலத்தில், இடம்பெயர்ந்து போன இடத்திலிருந்து திரும்பி வந்து, இரண்டு ரீவிகளோடு அந்தக் கேம் கடையைப் போட்ட முஸ்லிம் மனிதரை நாங்கள் நானா என்போம். விமானச் சண்டைக்கு மட்டும் அவர் ஒருநாளும் சத்தம் வைத்ததில்லை. வைத்தால் வீதியால் போகிறவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு பங்கர் தேடி ஓடுவார்கள் என்பதால், நாங்களே வாயால் மெல்ல உறுமிக்கொண்டு குண்டு போட்டோம்.

சண்டை மறுபடி தொடங்கிய நாட்களில் ஒரு மத்தியானம், ஜெனரேற்றரையும் மீறி இரைச்சல் கேட்டது.

"நானா, சத்தத்தைக் குறையுங்கோ!" என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கத்தினேன்.

"நான் சத்தமே வைக்கேல்லையே, புள்ள" என்றார் நானா.

எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். அதன்பிறகு அந்தக் கடை திறக்கவில்லை.

மகளின் திரையில் விமானங்கள் முழுச் சத்தத்தோடு பறந்தன. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தும், ஒருமுறை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.